கல்லீரல் வலிக்காது: மதுவால் வரும் கல்லீரல் நோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ ஆய்வுகளைப் படித்துத் தமிழில் எழுதுவது என் வேலை. நான் மருத்துவன் அல்லன். வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, ஆய்வுகள் சொல்வதை வைத்து இங்கே பதில் தருகிறேன். உங்கள் உடலைப் பற்றிய முடிவை உங்கள் மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும்.

எவ்வளவு குடித்தால் கல்லீரல் கெடும்?

பெக், கிளாஸ், ரவுண்டு என்று எண்ணினால் கணக்கு தப்பும். கிராமில் எண்ணுங்கள். நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் போன்றவற்றில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால். 650 மில்லி பீர், 5 சதவீத வகை என்றால் 25 கிராம். 8 சதவீத ‘ஸ்ட்ராங்’ என்றால் 40 கிராமைத் தொடும். “நான் பீர் மட்டும்தான்” என்பவர் இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்கவும்.

கல்லீரல் நோய்களுக்கு 2023இல் புதிய பெயர்கள் வகுக்கப்பட்டபோது, வாரத்துக்கு ஆணுக்கு 420 கிராம், பெண்ணுக்கு 350 கிராம் என்ற அளவைத் தாண்டியவர்களின் நோயை மது சார்ந்த கல்லீரல் நோய் என்றே வைத்தார்கள். அதற்குக் கீழே, ஆணுக்கு 210, பெண்ணுக்கு 140 கிராமிலிருந்து தொடங்கும் இடைநிலைக்குத் தனிப்பெயர்: உடல்பருமன், சர்க்கரை ஆகியவற்றோடு மதுவும் கூட்டுச் சேர்ந்த நிலை. தினமும் ஒரு குவார்ட்டர் என்றால் வாரத்துக்கு 420 கிராம். “அளவோடுதான் குடிக்கிறேன்” என்று பலரும் குறிப்பிடும் அந்த அளவு, மேல் எல்லைக் கோட்டின் மீதே நிற்கிறது.

கீழ் எல்லைக்குள் இருந்தால் பாதுகாப்பு என்று பொருளா? இல்லை. உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

என் தாத்தா எண்பது வயது வரை குடித்தார், ஒன்றும் ஆகவில்லையே?

இருக்கலாம். தொடர்ந்து அதிகமாகக் குடிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. ஆனால் சிரோசிஸ் எனப்படும் முற்றிய வடு நிலைக்குப் போகிறவர்கள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர்தான். யார் அந்த இருபதில் விழுவார் என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு மாறுபாடு இந்த அபாயத்தைக் கூட்டுகிறது. ஐரோப்பிய நோயாளிகளிடம் செய்த பெரிய மரபணு ஆய்வு 2015இல் அதை உறுதிசெய்ததோடு, இன்னும் இரண்டு மரபணுக்களையும் அடையாளம் காட்டியது. உடல்பருமனும் சர்க்கரை நோயும் சேர்ந்தால் அபாயம் கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. பெண்களுக்குக் குறைந்த அளவிலேயே, குறைந்த ஆண்டுகளிலேயே பாதிப்பு வருகிறது.

தாத்தாவின் கதையைச் சொல்லத் தாத்தா இருந்தார். நாற்பத்தைந்து வயதில் போனவர்கள் வந்து கதை சொல்வதில்லை.

கல்லீரல் கெட்டால் முதலில் என்ன தெரியும்?

ஒன்றும் தெரியாது. கல்லீரலின் உள்ளே வலி நரம்புகள் கிடையாது. கொழுப்பு சேரும்போதும் சரி, வடு பரவும்போதும் சரி, பெரும்பாலானவர்கள் வழக்கம்போல வேலைக்குப் போய்வருவார்கள். கண் மஞ்சளாவது, வயிற்றில் நீர் கோப்பது (ஊரில் மகோதரம் என்பார்கள்), ரத்த வாந்தி, பேச்சுக் குழறல் எல்லாம் கடைசிக் கட்டத்தின் அறிகுறிகள். முதல் கட்டத்துக்கென்று அறிகுறி கிடையாது. ஆய்வுகள் இப்போது முட்டிக்கொண்டிருப்பது இந்தச் சுவரில்தான்.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நார்மல் என்று வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

அவசரப்படாதீர்கள். ‘எல்எஃப்டி’ என்று எழுதிக் கொடுக்கும் சோதனை, கல்லீரல் செல்கள் உடைந்து நொதிகள் கசிகின்றனவா என்பதைத்தான் முக்கியமாகக் காட்டும். வடு எவ்வளவு என்பதை அது நேரடியாகச் சொல்லாது. சிரோசிஸ் இருந்தும் நொதிகள் ஏறக்குறைய இயல்பாக இருப்பவர்கள் உண்டு.

அதே காகிதத்தில் இருக்கும் எண்களை வைத்தே இன்னொரு கணக்குப் போடலாம். ஃபிப்-4 என்று பெயர். வயதை ஏஎஸ்டி என்ற நொதியின் அளவால் பெருக்க வேண்டும்; தட்டணுக்களின் எண்ணிக்கையை (ஆயிரத்தில்) ஏஎல்டி என்ற இன்னொரு நொதியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும்; முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். நாற்பது வயதுக்காரருக்கு ஏஎஸ்டி 30, ஏஎல்டி 36, தட்டணுக்கள் இரண்டரை லட்சம் என்றால் விடை 0.8. நாற்பத்தெட்டு வயதுக்காரருக்கு ஏஎஸ்டி 90, ஏஎல்டி 45, தட்டணுக்கள் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றால் 4.6. பொதுவாக 1.3க்குக் கீழே என்றால் முற்றிய வடு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேலே என்றால் அடுத்த சோதனைக்குப் போயாக வேண்டும்.

2006இல் இந்தச் சூத்திரம் உருவாக்கப்பட்டது குடிப்பவர்களுக்காக அல்ல. எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் சேர்ந்து இருந்தவர்களுக்காக. குடி ஏஎஸ்டியைத் தனியாகவே உயர்த்தும் என்பதால் சிலருக்கு இது வீண் அபாய மணி அடிக்கும். முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இதை நம்ப முடியாது. இருந்தாலும் செலவில்லாத கணக்கு, செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை. ஏஎஸ்டி, ஏஎல்டியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், அதுவே மதுவை நோக்கிக் கைகாட்டும் பழைய தடயம்.

ஃபைப்ரோஸ்கேன் என்பது என்ன? திசுச் சோதனை வேண்டாமா?

பாரிஸில் உருவான கருவி. விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து ஒரு சிறு தட்டு; அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை அல்ட்ராசவுண்ட் அளக்கிறது. இறுகிய கல்லீரலில் வேகம் அதிகம். இளநீர்க் காயைத் தட்டி உள்ளே வழுக்கையா தேங்காயா என்று சொல்கிறாரே கடைக்காரர், அந்த வித்தையின் இயந்திர வடிவம். பத்து முறை தட்டி நடு மதிப்பை எடுப்பார்கள். வலி இல்லை. மூன்று மணி நேரமாவது வெறும் வயிற்றோடு போக வேண்டும்.

அளவு கிலோபாஸ்கலில் வரும். 8க்குக் கீழே என்றால் முற்றிய வடுவை ஏறத்தாழ மறந்துவிடலாம். 12க்கு மேலே என்றால் கவலைப்பட வேண்டும். பல நாடுகளின் நோயாளித் தரவுகளை ஒன்றாகக் கோத்து 2018இல் வெளியான ஆய்வு, குடிப்பவர்களில் சிரோசிஸுக்கான எல்லையை 18.6 என்று வைத்தது.

பலரும் இடறுவது இதற்கு அடுத்த படியில். வடு மட்டுமல்ல, அழற்சியும் கல்லீரலை இறுக்கும். நேற்று வரை குடித்துவிட்டு இன்று போய்ப் படுத்தால் எண் பொய்யாக ஏறும். குடியை நிறுத்திய சில வாரங்களில் தானாகவே இறங்கும். ஏஎஸ்டி மிக உயர்ந்திருக்கும்போது எடுத்த ஸ்கேனை வைத்து ‘சிரோசிஸ்’ என்று முத்திரை குத்துவது அவசரக் காரியம். இது தெரியாமல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே அழுததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் கழித்து, குடிக்காமல் மறுபடி எடுத்தபோது எண் பாதியாகியிருந்தது.

திசுச் சோதனை ஊசியில் வருவது மொத்தக் கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ரத்தக் கசிவு அபாயமும் உண்டு. எல்லோருக்கும் செய்யக்கூடியதல்ல. நோய் எதுவென்று குழப்பம் இருக்கும்போதுதான் இப்போது அதைத் தேடிப் போகிறார்கள்.

டென்மார்க்கின் ஓடென்ஸ பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு இன்னொரு வழியைச் சோதித்தது. ஆபத்தான அளவில் குடித்த 289 பேருக்குத் திசுச் சோதனை செய்து, அதோடு ‘ஈஎல்எஃப்’ என்ற ரத்தப் பரிசோதனையை ஒப்பிட்டார்கள். வடு உருவாகும்போது ரத்தத்தில் கலக்கும் மூன்று பொருள்களை அது அளக்கிறது. 2018இல் வெளியான முடிவின்படி, முற்றிய வடுவைக் கண்டுபிடிப்பதில் அது ஃபைப்ரோஸ்கேனுக்கு ஈடு கொடுத்தது. கருவி இல்லாத சிற்றூர் மருத்துவருக்கு இப்படியொரு ரத்தப் பரிசோதனை எவ்வளவு பெரிய உதவி என்று எண்ணிப் பாருங்கள்.

குடிக்கவே இல்லை என்கிறார். உண்மையா என்று பரிசோதனையில் தெரியுமா?

தெரியும். ஃபாஸ்பாடிடைல் எத்தனால், சுருக்கமாகப் ‘பெத்’. ஆல்கஹால் இருந்தால் மட்டுமே சிவப்பணுக்களின் சவ்வில் உருவாகும் பொருள் அது. இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை பின்னோக்கிக் காட்டிக்கொடுக்கும். சிறுநீரில் பார்க்கும் ‘ஈடிஜி’ சில நாட்கள் வரை காட்டும்.

ஆனால் இதைத் துப்பறியும் கருவியாக வீட்டில் பயன்படுத்த நினைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பொய் பிடிபட்ட அவமானத்தில் யாரும் குடியை விட்டதாக நான் படித்ததில்லை. நோயாளிக்குத் தெரிவித்து, அவர் சம்மதத்தோடு செய்யும்போதுதான் அது சிகிச்சையின் பகுதியாகிறது. அதற்கு முன்பே, உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது. நாற்பதுக்கு எட்டோ அதற்கு மேலோ வந்தால் பேச்சைத் தொடங்க அதுவே போதும்.

நோய் முன்கூட்டியே தெரிந்தால் மட்டும் ஆள் திருந்திவிடுவாரா?

மிக நல்ல கேள்வி. நேர்மையான பதில்: ஓரளவு.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் குழு, குடியை விட உதவும் சமூக மையங்களுக்கே ஸ்கேன் கருவியைத் தூக்கிக்கொண்டு போனது. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் குலுக்கல் முறையில் கல்லீரலை அளந்து முடிவைக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான ஆலோசனை. எண்ணைக் கண்ணால் பார்ப்பது குடிப்பழக்கத்தை மாற்றுமா என்பதே கேள்வி. அது பெரிய ஆய்வுக்கு முந்தைய வெள்ளோட்டம்தான் என்பதால் தீர்ப்பு அதில் இல்லை. டென்மார்க்கில் சுமார் 4,800 பேரை ஸ்கேன் செய்து ஆலோசனை சொல்லி, ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது அதிகம் குடித்தவர்களில் பலர் குறைத்திருந்தார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஸ்கேன் செய்யாத இன்னொரு குழு அங்கே இல்லை. குறைத்தது ஸ்கேனாலா, உட்கார்ந்து ஒருவர் அக்கறையாகப் பேசியதாலா?

பார்சிலோனாவிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட ‘லிவர்ஸ்கிரீன்’ திட்டம் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் நாற்பது வயதைத் தாண்டிய சுமார் 30,000 பொதுமக்களிடம் ஸ்கேன் கருவியோடு போனது. நோயாளி மருத்துவமனைக்கு வரும் வரை காத்திருப்பதை விட்டு, மருத்துவம் வெளியே வருகிறது. கல்லீரல் ஆய்வில் கடந்த பதினைந்து ஆண்டுகளின் உண்மையான மாற்றம் இதுதான் என்பது என் கணிப்பு.

மஞ்சள் காமாலை வந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். ஸ்டீராய்டு கொடுக்கட்டுமா என்கிறார்கள். சரியா?

குடியால் வரும் கடும் கல்லீரல் அழற்சி இது. சில வாரங்களுக்குள் கண் மஞ்சளாகி, ரத்தத்திலுள்ள மஞ்சள் நிறமியான பிலிரூபின் 3க்கு மேல் ஏறி, காய்ச்சல் மாதிரி வந்து படுக்க வைத்துவிடும். பால்டிமோரில் மேட்ரி குழுவினர் 1978இல் ஒரு சூத்திரம் தந்தார்கள், பின்னர் திருத்தப்பட்ட அதன் வடிவம் இது: ரத்தம் உறையத் தாமதமாகும் வினாடிகளை 4.6ஆல் பெருக்கி, பிலிரூபினைக் கூட்டினால் 32ஐத் தாண்டுகிறதா? தாண்டினால் கடுமையானது.

ஸ்டீராய்டு உதவுகிறதா என்ற சண்டை 1971 முதல் நடந்தது. ஒரு சோதனை ஆம் என்றது, அடுத்தது இல்லை என்றது. முடித்துவைக்கப் பிரிட்டனில் 65 மருத்துவமனைகள் சேர்ந்து ‘ஸ்டோபா’ ஆய்வை நடத்தின. 2015இல் முடிவு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள்; ஸ்டீராய்டையும் பென்டாக்ஸிஃபிலின் என்ற இன்னொரு மருந்தையும் சோதிக்க நான்கு குழுக்கள். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள்: இரண்டுமே வெற்று மாத்திரையாகப் பெற்றவர்களில் 17 சதவீதம், பென்டாக்ஸிஃபிலின் பெற்றவர்களில் 19, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களில் 14, இரண்டும் பெற்றவர்களில் 13. ஸ்டீராய்டின் பக்கம் லேசாகச் சாய்கிறது, ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு இல்லை. 90 நாளிலும் ஓராண்டிலும் அந்தச் சாய்வும் காணாமல் போனது. கடும் கிருமித்தொற்று மட்டும் ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் 13 சதவீதம், பெறாதவர்களிடம் 7. பதினைந்து ஆண்டுகள் நம்பிக்கையாகக் கொடுக்கப்பட்ட பென்டாக்ஸிஃபிலின் அன்றோடு மூட்டை கட்டியது.

ஆகவே இன்றைய நடைமுறை: தொற்று இல்லாத, கடும் நிலையிலுள்ள, தேர்ந்தெடுத்த நோயாளிக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்பது. ஏழாம் நாளில் பிரான்ஸிலிருந்து வந்த ‘லீல்’ மதிப்பெண்ணைக் கணக்கிடுவார்கள். 0.45ஐத் தாண்டினால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள், நிறுத்திவிடுவார்கள். அந்த மதிப்பெண்ணை உருவாக்கிய 2007 ஆய்வில், வேலை செய்தவர்களில் 85 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்து உயிரோடு இருந்தார்கள். செய்யாதவர்களில் 25 சதவீதம். உங்கள் மருத்துவரிடம் “ஏழாம் நாள் மதிப்பெண் என்ன?” என்று தயங்காமல் கேளுங்கள்.

வேறு புதிய மருந்து ஏதாவது?

நம்பிக்கைகள் நிறைய, கைக்கு வந்தவை குறைவு. சண்டிகரில் 46 பேரிடம் எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். ஊசி பெற்றவர்களில் 90 நாள் தாண்டியவர்கள் 78 சதவீதம், பெறாதவர்களில் 30. பிரமிக்க வைத்த எண். பிறகு ஜெர்மனியில் 176 பேரிடம், பெரும்பாலும் குடியால் கல்லீரல் திடீரெனச் செயலிழந்தவர்களிடம், அதே ஊசியைச் சோதித்தபோது பயனே இல்லை. 2021இல் முடிவு வெளியானது. சிறிய ஆய்வில் வானவில் தெரிவதும் பெரிய ஆய்வில் மறைவதும் இந்தத் துறையில் வாடிக்கை.

டெல்லியில், ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களை நோயாளியின் குடலுக்கு மாற்றும் முறையை ஸ்டீராய்டோடு ஒப்பிட்டார்கள். 120 பேர். 90 நாள் உயிரோடிருந்தவர்கள் 75 சதவீதம், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 57. முகம் சுளிக்க வேண்டாம். மதுவால் குடலின் சுவர் ஓட்டையாகி அங்கிருக்கும் கிருமிகளின் நஞ்சு கல்லீரலுக்கு வருவது இந்த நோயின் முக்கியமான ஒரு பாதை. ஆனால் வானவில் கதையை நினைவில் வைத்துக்கொண்டு, இன்னும் பெரிய ஆய்வுகளுக்குக் காத்திருக்கிறேன்.

கீழாநெல்லி கொடுக்கலாமா?

இதைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இல்லை. கீழாநெல்லிக்கு ஒரு சென்னைக் கதையே உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களிடம் அதன் இனத்தைச் சேர்ந்த செடியைச் சோதித்த சென்னை ஆய்வு 1988இல் லான்செட் இதழிலேயே வெளியானது. செடி பெற்ற 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பிறகு வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. தவிர, அது கிருமியால் வரும் நோய். இது மதுவால் வருவது. காமாலை என்ற நிறம் ஒன்றுதான், காரணங்கள் பல. இந்த நிலையிலுள்ள கல்லீரல் பெயர் தெரியாத எந்தப் பொடியையும் தாங்காது. நாட்டு வைத்தியத்தில் போகும் இரண்டு வாரம் இங்கே மிகப் பெரிய விலை.

கல்லீரல் மாற்று? ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் உண்டாமே?

அந்த ஆறு மாத விதிக்கு வலுவான ஆய்வு அடிப்படை இல்லை. ஸ்டீராய்டு பலன் தராதவர்களில் பெரும்பாலோர் அந்த ஆறு மாதத்தைப் பார்ப்பதே இல்லை. பிரான்ஸ், பெல்ஜியம் மையங்கள் விதியை மீறிப் பார்த்தன, 2011இல் முடிவு வெளியானது. முதல் முறையாக இப்படிப் படுத்தவர்கள், குடும்ப ஆதரவு உள்ளவர்கள் என்று மிகக் கறாராகப் பொறுக்கி 26 பேருக்கு உடனே மாற்று அறுவை செய்தார்கள். ஆறு மாதம் கழித்து 77 சதவீதம் பேர் உயிரோடு. செய்யாத ஒத்த நோயாளிகளில் 23. மூன்று பேர் மீண்டும் குடித்தார்கள். நம் நாட்டில் கல்லீரலின் ஒரு பகுதியைத் தருபவர் பெரும்பாலும் மனைவியோ மகனோ தம்பியோ என்பதால், இந்தக் கணக்கில் இன்னொரு உயிரின் அபாயமும் சேர்கிறது.

சிரோசிஸ் வந்தாயிற்று. இனி நிறுத்தி என்ன பயன்?

சௌத்தாம்ப்டனில் திசுச் சோதனையில் சிரோசிஸ் உறுதியான 100 பேரைத் தொடர்ந்தார்கள், 2009இல் வெளியிட்டார்கள். ஏழாண்டு தாண்டியவர்கள், நிறுத்தியவர்களில் 72 சதவீதம், தொடர்ந்தவர்களில் 44. நோய் தெரிந்த முதல் மாதத்திலேயே நிறுத்தியிருந்தாரா என்பதுதான் பிரித்துக் காட்டியது. கல்லீரல் நுண்ணோக்கியில் எவ்வளவு மோசமாகத் தெரிந்தது என்பது அந்த அளவுக்கு முக்கியமாக இல்லை.

நிறுத்த மருந்து உண்டா?

உண்டு, பலருக்கு எழுதித் தரப்படுவதில்லை. இத்தாலியில் சிரோசிஸ் உள்ள 84 பேரிடம் பேக்லோஃபென் சோதிக்கப்பட்டது, 2007இல் முடிவு. பன்னிரண்டு வாரம் குடிக்காமல் இருந்தவர்கள் 71 சதவீதம், வெற்று மாத்திரையில் 29. தூக்கக் கலக்கம் தரும். மூளை குழம்பும் நிலையில் இருப்பவருக்கும் சிறுநீரகம் கெட்டவருக்கும் ஆபத்து. குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரை கல்லீரலையே தாக்கக்கூடியது என்பதால் இங்கே தவிர்க்கப்படுகிறது. வீட்டில் சாம்பாரில் கலந்து தெரியாமல் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அது உயிருக்கே உலை.

அமெரிக்காவில் குடிநோய் உள்ள 9,635 பேரின் பதிவுகளை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், மருந்து பெற்றவர்களுக்குக் கல்லீரல் நோய் வருவது குறைவாக இருந்தது. பதிவேட்டு ஆய்வு என்பதால் மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கல்லீரல் மருத்துவர் ஒரு மாடியிலும் மனநல மருத்துவர் வேறொரு கட்டடத்திலும் இருக்க, நோயாளி இரண்டுக்கும் நடுவே தொலைந்துபோவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கல்லீரலைக் காப்பாற்றும் மருந்துக்கு நடந்த சோதனைகளோடு ஒப்பிட்டால், இந்த இரண்டு அறைகளையும் இணைப்பது பற்றிய சோதனைகள் கைவிரல் கணக்குதான்.

அப்படியானால் நாளைக் காலையிலிருந்தே நிறுத்திவிடட்டுமா?

தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் பிதற்றும் நிலை வரலாம். அது உயிரையும் எடுக்கும். சில நாட்கள் மருந்தும் தயமின் வைட்டமினும் தந்து பாதுகாப்பாக இறக்கிவிட முடியும்.

பத்தியம்?

கஞ்சியும் இளநீரும் மட்டும் கொடுத்துப் பட்டினி போடாதீர்கள். குடியால் கடும் கல்லீரல் அழற்சி வந்தவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஒரு சோதனையில், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 21.5 கிலோகலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களிடையே இறப்பு அதிகம். முட்டை, பருப்பு, தயிர் எல்லாம் வேண்டும். படுக்கும் முன் ஒரு சிற்றுண்டியும் நல்லது.

ஆய்வு ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

இந்தியாவில் மருந்துச் சோதனைகள் 2009 முதல் சிடிஆர்ஐ பதிவேட்டில் பதிவாக வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். எந்த நாளிலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. கூடவே, குடியை நிறுத்த உதவும் ஆலோசனையும் மருந்தும் அந்த ஆய்வில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். “அது மனநலப் பிரிவில்” என்று பதில் வந்தால், அந்தப் பிரிவுக்கு எப்படிப் போவது, யாரைப் பார்ப்பது என்று அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.